விதர்லோ என்ற பெயருக்கு யார் சொந்தம்

மார்ச் 6, வியாழன்
காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. என் கணவர் ஜோனின் தூரத்து உறவினர் கீத் போன் எடுத்தார். விதர்லோ என்ற குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, இப்போது எங்கெங்கே இருக்கிறது என்று வருடக்கணக்காகத் தேடுகிறாராம். சனிக்கிழமை குரொய்டனில் கூட்டம். சுவரில் மாட்ட ஜோனின் படம் வேண்டுமாம். அவர் செத்த பிறகு அவரைக் கேட்டு வந்த முதல் போன். மகள் அனுவுக்கும் துள்ளல். அப்பாவின் ஆட்களைப் பார்க்கப் போகிறாளாம்.

மார்ச் 8, சனி
வீடு இருக்கும் மிட்சம் பகுதியிலிருந்து குரொய்டனுக்கு ட்ராம். மண்டபத்தில் குளிர். தேத்தண்ணீர் வெறும் சுடுதண்ணீர். கீத் நன்றாகத்தான் தொடங்கினார். பெயர் பிறந்தது வடக்கே ஒரு பண்ணையிலாம். பழைய ஆங்கிலத்தில் 'விதர்' என்றால் காயடித்த கடா, 'லோ' என்றால் மேடு. ஜோன் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பிறகு இங்கிலாந்து வரைபடம். வடக்கில் கொத்தாகச் சிவப்புப் புள்ளிகள். லண்டனில் ஒன்றே ஒன்று, ஜோனுடையது, கறுப்பு.

"கறுப்பு என்றால் என்ன?" அனு கேட்டாள்.

"அந்தக் கிளை முடிந்துவிட்டது."

முடிந்ததாம்! முன் வரிசையில் அவள் இருக்கிறாள், பதினைந்து வயது, முகத்தில் ஜோனின் அதே நாடி. எழுந்து கேட்டேன். பெண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெயர் போய்விடும் என்றார். பின்னால் ஒரு கிழவி: "தத்தெடுத்த பிள்ளையாக இருக்கும்."

போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஜோனின் படத்தைக் கழற்றினேன். "மகளுக்கு இடமில்லாத சுவரில் அவருக்கு என்ன வேலை?"

ட்ராமில் அனு அழவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
தேவாலயத்துப் பூசைக்குப் போகவில்லை. இன்னும் கொதிக்கிறது. கலியாணத்துக்கு முதல் எனக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பாவின் பெயர்தான். இந்தப் பெயரைக் கவுன்சில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லா இடமும் எழுத்துக்கூட்டிச் சொல்லி வாய் உளைந்தது எனக்கு. கீத்துக்கு இல்லை.

தங்கச்சி போனில்: "விடு அக்கா, அவையளோடை என்ன கதை?"

"விட ஏலாது."

மார்ச் 11, செவ்வாய்
கீத் வாசலில், பூங்கொத்தோடு. மன்னிப்புக் கேட்டார். அனுவுக்குச் சிவப்புப் புள்ளி போடலாமாம். படத்தைத் திரும்பத் தர வேண்டுமாம்.

"அம்மாவுக்கு?" அனு.

"அம்மா கலியாணத்தால் வந்தவர். விதிப்படி..."

"அப்ப என்னையும் போட வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பூங்கொத்து அவர் கையிலேயே. கீத்துக்கு நான் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எனக்குள்ளேயே மிச்சம்.

பிறகு என்னிடம், "நான் ஆரைக் கட்டினாலும் பேர் மாத்தமாட்டன், அம்மா."

பதினைந்து வயதில் கலியாணக் கதை! அந்த ஏச்சு முழுவதும் அவளுக்கு விழுந்தது.