முப்பதாயிரத்து முப்பத்தொன்று

சிவன்மலை ஆண்டவர் துணை

அருள்புரம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் வர்ஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். சென்னை விடுதிச் சாப்பாடு உன்னை இன்னும் விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறோம்.

மேற்கொண்டு கணக்கே படிக்கட்டுமா, ஊருக்கு வந்து கம்பெனியைப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். போன்ல கேட்டா பார்க்கலாம் பார்க்கலாம்னு மழுப்புவீங்க, எழுதி அனுப்புங்கப்பா என்றாய். வந்துவிடு என்று எழுதத்தான் போன மாதம் பேனாவை எடுத்தேன். அதற்குள் ஒரு ஆர்டர் வந்து என்னைக் கெடுத்துவிட்டது.

குழந்தைகள் பனியன், முப்பதாயிரத்து முப்பது பீஸ். மொய் எழுதிப் பழகிய கை, சைபரில் முடிகிற எதையும் எழுதாது என்பது உனக்குத் தெரியும். உறுதி செய்து அனுப்பிய மெயிலில் ஒன்றைச் சேர்த்து முப்பத்தொன்று என்று முடித்துவிட்டேன். வெளிநாட்டுக்காரனும் அதையே ஆர்டராகப் போட்டுவிட்டான்.

பேக்கிங்கில் வந்து இடித்தது. பெட்டிக்கு எத்தனை என்பது நம் விருப்பம். ஆனால் எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், ஒரு பீஸ் கூடக்கூடாது, குறையக்கூடாது. ஆர்டரைத் திருத்தச் சொன்னால் கப்பல் போய்விடும். ஒழுங்காக முப்பது முப்பதாகப் போட்டிருந்தால் ஆயிரத்தொரு பெட்டி. மொய்க்கு வேண்டிய ஒன்று அங்கேயே இருந்திருக்கிறது, என் கண்ணுக்குத்தான் படவில்லை.

உட்கார்ந்து வகுத்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று. எதால் வகுத்தாலும் ஒரே ஒரு பனியன் மீதி. இந்த ஆறையும் பெருக்கினால் வருவதுதான் முப்பதாயிரத்து முப்பது என்று அப்புறம்தான் புரிந்தது. நான் சேர்த்த ஒன்று யாரோடும் ஒட்டவில்லை. இதை எதனாலும் பிரிக்க முடியாது என்று முடிவு கட்டி, வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மா விடவில்லை. ஏனுங்க, பதிமூணோட எதுக்கு நின்னுட்டீங்க, அதுக்கு மேல நம்பரே இல்லீங்களா என்று கேட்டாள். வேண்டாவெறுப்பாகப் பதினேழில் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியபோது சோறு மறந்துவிட்டது. போனில் தட்டினால் நொடியில் வரும் என்று வீட்டுக்குத் தேடி வந்த மேனேஜர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஐம்பத்தொன்பதில் மீதியே இல்லை. பெட்டிக்கு ஐம்பத்தொன்பதாக ஐநூற்றொன்பது பெட்டி. சரக்கு நல்லபடியாகப் போய்விட்டது.

அதோடு விட்டிருக்கலாம், முடியவில்லை. இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்று சேர்த்தால் ஏழு. ஐந்தையும் பெருக்கிச் சேர்த்தால் முப்பத்தொன்று. அப்படியே போனால் இருநூற்றுப் பதினொன்று, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று. நாலையும் வகுத்துப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை. நம்முடையது மட்டும் ஏன் உடைகிறது? பதினேழையும் பெருக்கி அடுத்ததைப் பார்த்தேன், அது பத்தொன்பதிலேயே உடைந்தது. இனி வருவதில் எது உடையும், எது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழி உண்டா? நூல் விலை பேச வந்தவரிடம் இதைக் கேட்டேன். அவர் என் சர்க்கரை அளவை விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு எண் என்னை இந்தப் பாடு படுத்துகிறது. இதை விட்டுவிட்டு வந்து பில் போடு என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வது? நீ படி, கண்ணு. கம்பெனி என்னோடு நின்றால் நிற்கட்டும். அதைச் சொல்லும்போது வலிக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் நேரத்துக்குத் தூக்கமும் கொடுக்கட்டும். நான் கேட்டதற்கு விடை தெரிந்தால் ஊருக்குச் சொல்லுமுன் எனக்கு எழுது. அப்பாவுக்கு அறுபது முடிகிறது. ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா பழனிமுத்து.