வானொலியில் என் குரல் வராது

டெட்ராய்ட்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு வெர்லின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே எங்கள் சபையிலேயே வளர்ந்து இசை நடத்துநரான செட்ரிக், எங்கள் பாடகர் குழுவைச் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து காஸ்பல் என்கிற நம் சபைப் பாட்டுகளைப் பாடவைக்கப் போகிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நான்கு மாதம் ஒத்திகை நடந்தது. வயலின்காரர்களுக்குத் தாளத்துக்குக் கைதட்டவே நாங்கள்தான் பழக்கினோம். பிறகு கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டிவந்து, "அக்கா, இவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்றான். எங்கே மூச்சு வாங்குவது, எங்கே குரலை உடைப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன்.

நேற்றுக் கடைசி ஒத்திகைக்குப் போனால் எங்கள் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஆர்கெஸ்ட்ராவுக்கு இசை நோட்ஸ் படிக்கத் தெரிஞ்சவங்கதான் வேணுமாம். என் கையில ஒண்ணும் இல்லக்கா" என்றான் செட்ரிக்.

"நம்ம குழுவுல அத்தனை வருஷம் பாடின உங்கம்மா நோட்ஸ் பார்த்தாடா பாடினாங்க?" என்று கேட்டேன். அவன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

வருத்தப்படாதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை. கச்சேரி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். குளிர் ஆரம்பித்துவிட்டது, என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். நீங்கள் தைத்த தலையணை உறை ஒன்றும் வேண்டும்.

கச்சேரியை வானொலியில் கேட்கச் சொல்லி ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு பெண் தனியாகப் பாடுவாள். நன்றாகவே பாடுகிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பேருந்து வந்துவிடும்.

மகள்,
வெர்லின்