மேசைக்கு அடியில்

ஓல்டன், சுவிஸ்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் ரிஷானிக்கு,

அம்மா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், லண்டனில் நீயும் சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் தம்பி சாயிசன் வீட்டில் இருக்கும்போது அவனைப் பற்றி எப்படிக் கதைப்பது, அவன் இல்லாத நேரம் எனக்கு வேலை. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சுகவீன விடுப்பு, அவர்களுடைய வேலையும் என் தலையில்தான், வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவே பஞ்சியாக இருக்கிறது. அப்பாவுக்கும் ஷிஃப்ட் மாறிவிட்டது, சமைத்து வைப்பதை ஆறிய பிறகுதான் சாப்பிடுகிறார்.

விஷயம் இதுதான். சாயிசன் இந்த ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டனாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஃபொயர்வேர் என்கிற அந்தப் படையில் இருப்பது தச்சனும் வாத்தியாரும் வங்கியில் இருப்பவனும்தான், அழைப்பு வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இதுவரை நிலவறையில் வெள்ளம் இறைப்பது, விழுந்த மரம் வெட்டுவது என்று இருந்தான், நானும் பேசாமல் இருந்தேன். இப்போது முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் போட்டுக்கொண்டு எரிகிற வீட்டுக்குள் போகிற பயிற்சிக்குக் கேட்டிருக்கிறார்களாம். அப்பாவைக் கேட்டான், அவர் வழக்கம்போல அம்மாவிடம் கேள் என்று நழுவிவிட்டார். நான் ஓம் என்று சம்மதிக்காமல் பெயர் கொடுக்க மாட்டானாம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன், எதற்கும் என்னைக் கேட்காதவன், இதற்கு மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீ சொன்னால் கேட்பான், எப்படியாவது தடுத்துவிடு என்று எழுதத்தான் இந்தக் கடதாசியை எடுத்து வைத்தேன்.

அதற்குள் போன சனிக்கிழமை படைக்காரர் குடும்பங்களை எல்லாம் கூப்பிட்டு, தீயணைப்பு வண்டி நிற்கிற மண்டபத்தில் ஒரு பழைய ஆங்கிலப் படம் காட்டினார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்து லண்டன் எரிந்தபோது அணைக்கப் போன தொண்டர்களைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். முதலில் பியானோ அடித்துப் பாடிக்கொண்டும் பகிடி விட்டுக்கொண்டும் இருந்தார்கள், எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. பிறகு பிளேன் சத்தம் வந்தது. அவ்வளவுதான் தெரியும் பிள்ளை. பார்த்தால் நான் மேசைக்கு அடியில் கிடக்கிறேன், சாயிசனைக் கழுத்தில் பிடித்து இழுத்து அவன் தலைக்கு மேல் என் உடம்பை வைத்து அமத்திக்கொண்டிருக்கிறேன், கிளாஸ்கள் எல்லாம் கீழே உடைந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குப் பழகிய உடம்பு, இத்தனை வருடம் போயும் மறக்கவில்லை. அப்பா கதிரையிலேயே இருந்தார், தன்னை இழுக்கவில்லை என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். எனக்கு வெட்கத்தில் எழும்பவே முடியவில்லை. தம்பி என் கையை உதறவில்லை, சத்தம் ஓயும்வரை என்னோடு அங்கேயே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், “யோசிக்காமல் என்னை இழுத்தனீங்கள் தானே அம்மா. நானும் ஆரையோ இழுத்தெடுக்கத்தான் பழகப் போறன்.”

படத்தை நிறுத்தட்டுமா என்று பொறுப்பாளர் வந்து கேட்டார், வேண்டாம் என்றேன். கடைசியில் கூரையில் நின்ற ஒருவன், காயப்பட்ட தோழனைக் கயிற்றில் இறக்கிவிட்டுத் தான் நெருப்பில் விழுந்துபோனான். அவன் மனைவி ஒன்றும் அறியாமல் வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் தம்பியிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். மனம் நிறைந்து சொன்னேன் என்று நினைக்காதே, மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இனி அவன் ஓடுகிற ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் இருப்பேன். களைத்துப்போனேன் பிள்ளை.

ஆகவே அவனைத் தடுக்க வேண்டாம், பயிற்சி நாளில் மட்டும் எனக்குப் போன் எடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, முருகன் உன்னைக் கைவிட மாட்டான். இன்னொன்று. மீன் பொரிக்கும்போது கத்துகிறது என்று உன் வீட்டுப் புகைமணியின் பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டு சொன்னாயே, அதை இன்றைக்கே திரும்பப் போடு. உன்னைத் தேடிப் புகைக்குள் வருகிறவனையும் ஒரு தாய் ஓம் சொல்லித்தான் அனுப்பியிருப்பாள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
சிவகலா