காலியாக விட்ட கட்டங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அப்பா நலமாக இல்லை. ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்துவிட்டது, கட்டைவிரல் நுழையும் ஆழம். ஆற மாதக்கணக்காகும், ஆறினால் பாக்கியம் என்றார் டாக்டர். எப்படி வந்தது என்று கேட்பாய். அவரைப் பார்த்துக்கொள்ள முதலில் வந்த பெண்ணுக்கு நீ 'புயல் அக்கா' என்று பெயர் வைத்தாயே, பஸ் போய்விட்டது என்று மூச்சிரைக்க வந்து நிற்பாள், எழுத்தும் கோழி கிளறியது போல இருக்கும். இரண்டு மணிக்கொரு தரம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தால் டிக் போட, அவளை அனுப்பிய நிறுவனம் கொடுத்த நோட்டில் கட்டங்கள் உண்டு, அவள் நோட்டில் தினமும் ஒன்றிரண்டு காலியாக இருக்கும். ஏன் என்று கேட்டால், "செய்யாததுக்கு எப்படி டீச்சர் டிக் போடறது" என்பாள். முப்பத்திரண்டு வருஷம் நோட்டுத் திருத்திய எனக்கு அது பொறுக்கவில்லை, நான்தான் நிறுவனத்துக்கு ஃபோன் செய்து அவளை மாற்றச் சொன்னேன்.

அடுத்தவள் மணி அடித்தாற்போல வந்தாள். முத்து முத்தான கையெழுத்து, ஒரு கட்டம் காலியில்லை. முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள் டீச்சர் என்று என்னை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள், நானும் போய்ப் படுத்துக்கொள்வேன். நோட்டைப் பார்த்து நான் பூரிப்பதைக் கண்டு அப்பா பக்கவாதத்தில் கோணிய அந்த வாயால் நூற்றுக்கு நூறு போட்டுவிடு என்று கேலி செய்வார். வருஷக் கடைசியில் கட்டுக்கட்டாக நோட்டுகள் வரும்போது, அட்டை போட்டு மார்ஜின் இழுத்த நோட்டு என்றால் உள்ளே படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன், அதே பழக்கத்தில் இதிலும் போட்டேன். தினமும் படம் எடுத்து உனக்கும் அனுப்பினேன். போன வாரம் போர்வையிலிருந்து ஒரு வாடை வந்தது. அவள் வெளியே ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள், மணி பதினொன்று, நோட்டைத் திறந்தால் மாலை நாலு மணிக் கட்டம் வரை டிக் விழுந்திருந்தது. மூச்சைப் பிடித்து அப்பாவை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன், அப்போதுதான் புண் தெரிந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ சந்தோஷமா இருந்தே" என்றார்.

நிறுவனத்து மேலாளர் வந்து நோட்டைப் புரட்டிவிட்டு, எல்லாப் பக்கத்திலும் உங்கள் கையெழுத்து இருக்கிறதே மேடம் என்றார். புயல் அக்கா இப்போது வேறு வீட்டில் இருக்கிறாள், வர முடியாதாம். நானே அவளிடம் பேசினேன். கோபப்படவில்லை, ஐயாவை இடது பக்கம் படுக்க வைத்தால் முழங்கால் நடுவில் தலையணை வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். இப்போது வேறொரு பெண் வருகிறாள், நான் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இன்று பன்னிரண்டு மணிக்கு அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள், எனக்குத் தனியாக அவரைப் புரட்டத் தெம்பில்லை, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம். இனி ஃபோனில் எல்லாம் சரியா என்று கேட்காதே, எந்தக் கட்டம் காலி என்று கேள்.

வேலைக்கு ஓடுமுன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள், நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதியதை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா