மூன்றரைக்கே இருட்டும் ஊரும் நம் வீட்டு நட்சத்திரமும்

பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கினேன். நீ சுற்றிவைத்திருந்த பழைய சேலையைப் பிரித்ததுமே பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு காகிதக் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு எத்தனை உருண்டைதான் போடுவாய் நீ? சின்னக்கானல் குளிரில் பூச்சி எங்கே வரப்போகிறது என்று வருஷா வருஷம் சொன்னேன். கேட்டால்தானே!

மழைக்காலத்தில் நீ போனாய். நீ இல்லாத முதல் டிசம்பர் இது. துக்க வருஷத்தில் வாசலில் ஸ்டார் கட்டக்கூடாது என்று கொல்லங்கோட்டிலிருந்து உன் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனான். அங்கே பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவனுக்குப் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகிவிட்டது. "ஏனுங்க மச்சான், துக்க ஊட்டுல ஸ்டாரு கட்டுவாங்களா? ஊரு என்னங்க பேசும்?" என்றான். ஊர் பேசுவது எனக்குப் புதிதா? உன் ஸ்டாரைப் பற்றி ஊர் சில வருஷங்களாகப் பேசிக்கொண்டுதானே இருக்கிறது.

நம் மகள் நர்ஸ் வேலைக்கு ஸ்காட்லாந்து போனதிலிருந்து ஆரம்பித்த கூத்து இது. ஸ்டார் சுவிட்சைப் போடுவது அவள் உரிமை. நாற்காலியில் ஏறி நின்று போட்ட வயதிலிருந்தே, பொழுது அடைந்ததும் அவள் போட்டால்தான் போட்டது. அவள் போன முதல் டிசம்பரில், ஆறு மணி தாண்டிக் கீழே தோட்டத் தொழிலாளர் லயங்களில் வரிசையாக ஸ்டார்கள் எரியத் தொடங்கின. நானும் சுவிட்சில் கை வைத்தேன். நீ தடுத்தாய். "அவ சொல்லட்டும். அவளுக்கு இருட்டுனதும் போன்ல சொல்லுவா. அப்பப் போடுங்க."

போன் போட்டோம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். "எனக்கு இருட்ட மூணரை ஆகும்மா. அப்ப உங்களுக்கு ராத்திரி ஒம்பது" என்றாள் அவள். நீ போனை என்னிடம் நீட்டி, "மூணரைக்குப் பொழுது அடையுதாம். இவ என்னத்தையோ மறைக்கா" என்றாய்.

அன்று பிடித்தது எனக்குத் தலைவலி. டீ ஃபாக்டரியில் இத்தனை வருஷம் மோட்டாரையும் வயரையும் சமாளித்தவன் நான். உன்னைச் சமாளிக்க முடியவில்லை. நாட்டுக்கு நாடு கடிகாரம் வேறு என்றேன். ஒப்புக்கொண்டாய். உடனே கேட்டாய்: "அப்ப அவ கடிகாரத்துல ஆறு அடிக்கையில அவளுக்குப் பொழுது அடையணும். மூணரைக்கு எப்படி அடையும்?"

கேள்வி சரியான கேள்வி. அதுதான் எரிச்சல். கடிகார வித்தியாசம் ஒன்று, வடக்கே போகப்போகக் குளிர்காலப் பகல் சுருங்குவது வேறொன்று என்று விளக்கினேன். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால் டிசம்பரிலும் நமக்குப் பகல் பெரிதாகக் குறைவதில்லை. அவள் இருப்பது வெகு வடக்கே. பூமி சாய்ந்திருப்பதால், லயத்தைப் பார்க்க வரும் எஸ்டேட் துரை மாதிரி, சூரியன் அங்கே சும்மா தலையைக் காட்டிவிட்டு இறங்கிவிடும் என்றேன். "பூமி சாஞ்சா நாம ஏன் சாயல?" என்றாய். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தையே திருப்பி வைப்பார்கள் என்று வேறு உளறித் தொலைத்தேன். "பொய் சொல்லுததுக்கும் ஒரு அளவு வேணும்" என்று எழுந்து போய்விட்டாய்.

ஆனால், கொழுந்து கிள்ள வந்திருந்த அசாம்காரப் பெண் ஒருத்தி, தன் ஊரில் இந்த மாதம் நாலரைக்கே இருட்டிவிடும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாளே, அதை மட்டும் உடனே நம்பினாய். அவள் ஊருக்கும் நமக்கும் ஒரே கடிகாரம். அவள் ஊர் கிழக்குக் கோடியில் இருப்பதால் சூரியன் முந்தி வந்து முந்திப் போகிறது. "பாவம், அவ ஊரு அப்படி" என்று உச்சுக்கொட்டினாய். கட்டின புருஷன் சொன்னால் மட்டும் பொய்!

கடைசியில், நீ போனில் "இருட்டிட்டா?" என்று அவளைக் கேட்ட பிறகு, தினமும் ஒன்பது மணிக்குத்தான் நம் ஸ்டார் எரிந்தது. அதுவரை சோறும் கிடையாது. போகிறவர் வருகிறவரெல்லாம், "அண்ணாச்சி, பல்பு போயிட்டா?" என்று கேட்டார்கள். கேரல் பாட வந்த கூட்டம் வாசல் இருட்டாகக் கிடப்பதைப் பார்த்து, வீட்டில் ஆள் இல்லை என்று நம்மைத் தாண்டிப் போய்விட்டது. அவர்களுக்காக நீ சுட்டுவைத்த முறுக்கை நான்தான் கடித்துத் தீர்த்தேன்.

அன்றைக்குத்தான் கத்தினேன். "அங்க இருட்டுனா இங்க எதுக்குடி லைட்டு?"

"காலையில டூட்டிக்குப் போகையிலயும் இருட்டு, திரும்பையிலயும் இருட்டு. தனியா நடந்து வாரா" என்றாய்.

"அங்க என்ன யானையா நிக்கி?" என்றேன். இருட்டினால் வெளியே போகக்கூடாது என்று நம் ஊரில் சொல்வது யானைக்குப் பயந்துதானே.

நீ சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "யானை இல்லன்னா வேற என்னமும் இருக்கும். அவ இருட்டுல நடக்கையில நம்ம வீட்டுல ஒரு வெளிச்சம் எரியணும். அவ்வளவுதான்."

நான் முறுக்கு டப்பாவைத் திறந்து இன்னொன்றைக் கடித்தேன். பசி மட்டும் அடங்கவில்லை.

இந்த வருஷம் கட்டுவதில்லை என்றுதான் நானும் இருந்தேன். பார்த்துவிட்டுத் திரும்பப் பரணில் வைக்கத்தான் இறக்கினேன். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. டூட்டி முடிந்து நடந்துகொண்டே பேசினாள். பின்னால் தெருவிளக்கு, முகம் சரியாகத் தெரியவில்லை. "அப்பா, இருட்டிட்டு. போடுங்க" என்றாள்.

"இந்த வருசம் கட்டக்கூடாதாம்மா. உன் மாமா வந்து சொல்லிட்டுப் போயிருக்கான்."

ஈரத் தெருவில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அம்மா போனதுக்கப்புறம், இருட்டிட்டான்னு எங்கிட்ட யாருமே கேக்கலப்பா."

வாசலில் கட்டினால் ஊர் விடாது. கட்டாவிட்டால் நீ விடமாட்டாய். அடுக்களை உத்தரத்தில் ஆணி அடித்தேன். ஒரு கீற்று வெளிச்சம்கூட வெளியே போகாதபடி ஜன்னலை அடைத்தேன். வயரை இழுத்து மாட்டும்வரை அவள் போனை வைக்காமல் நடந்தாள். சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, "நல்லா இருட்டிட்டாம்மா?" என்று கேட்டேன்.

"இருட்டிட்டுப்பா. போடுங்க."

இப்போது ஒன்பதுக்கு முன்னால் எனக்கே சோறு இறங்குவதில்லை. அடுக்களைக் கூரை எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும். காபி போடத் திரும்பினால் ஸ்டாரின் முனை நெற்றியில் குத்துகிறது. குத்தும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுகிறேன். ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு ஸ்டாரை அவிழ்ப்பது நம் வழக்கம். அவள் ஊரில் அன்றைக்கும் நாலு மணிக்குள் இருட்டிவிடுமாம். அவிழ்ப்பதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டாய். நான் குனிந்தே நடக்கிறேன்.