புயல் வராத வருடம்

ஒக்டோபர் 12, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. நான் வேலை செய்யும் சின்யோரா வீட்டில் இன்று ஜன்னல் துடைப்பு. மழையன்றுதான் அவவுக்கு அந்த ஞாபகம் வரும்.

மகள் மெரினுக்கு வகுப்பில் பசிபிக் கடல் புயல் பாடம். வீட்டுக்கு வந்ததும் அழுகை. “அப்பான்ர கப்பல் அங்கைதானே?” ஓம், மெக்சிகோப் பக்கம். சரக்குக் கப்பல். டிசெம்பரில் நத்தாருக்கு வருகிறார்.

அடுப்பில் ஒரு பானை சுடுதண்ணீர், பக்கத்தில் ஒன்று பச்சைத்தண்ணீர். இவர் போனில் சொன்னதையே அவளுக்குச் சொன்னேன். “சூட்டிலை ஆவி எழும்புது, கண்டியோ? புயலுக்கு அதுதான் சாப்பாடு. இந்த வருசம் காத்து மேல்தண்ணியைத் தள்ள, அடியிலை கிடந்த குளிர்தண்ணி மேலை வந்திட்டுது. புயலுக்குப் பட்டினி. எழும்பப் பார்க்கும், படுத்திடும்.”

“அப்ப ஒண்டும் வராதோ?”

“குறைவு.”

அந்தக் ‘குறைவு’ அவளுக்குப் போதவில்லை.

ஒக்டோபர் 17, ஞாயிறு

நல்ல வெயில். மெரின் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டாளாம். அப்பாவின் கப்பலைப் புயல் தொடாவிட்டால் வெறுங்காலோடு அவவின் மலைக்கோயிலுக்கு ஏறுவாள். ஏழு வயது! என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நான் ஊரில் கும்பிட்ட மடு மாதாவை விட்டு அசையமாட்டேன், இவளுக்கு இந்த ஊர்ப் புனிதை.

வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கினேன். மந்தாரின் தோடம்பழம் இன்னும் பச்சை. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த முதல் வருடம் இவர் சியாகுல்லி மந்தாரின் தோட்டத்தில் பழம் பறித்தார். ஒற்றை அறை. கதவைத் திறக்கமுன்னமே பழவாசம் வந்துவிடும். அந்த அறையை எவ்வளவு திட்டினேன். இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

நவம்பர் 20, சனி

இவர் போன். “இஞ்சை பாரும், கடல் குளம் மாதிரிக் கிடக்கு. ஒரு இடத்திலையும் ஒதுங்கி நிக்கேல்லை.” குரலில் சந்தோசம் இல்லை. பிறகுதான் சொன்னார். புயல் மறிக்காமல் வேலை முன்னதாக முடிந்ததால் கப்பலுக்கு இன்னொரு ஓட்டம் போட்டுவிட்டார்களாம். நடுவில் இறங்க முடியாது. நத்தாருக்கு இல்லை.

“சியாகுல்லிப் பழம் பழுக்கேக்கை வாறன்.”

அது மாசியில். ஓம் என்றேன். போன் கார்ட் முடிந்தது.

இந்தக் கடல் கொஞ்சம் குழம்பியிருக்கக் கூடாதா? சீ, என்ன நினைப்பு.

நவம்பர் 21, ஞாயிறு

காற்று. குளிர். மெரினுக்குச் சொன்னேன்.

“சின்னப் புயல் ஒண்டு கேட்டிருக்கலாம் அம்மா. கப்பலைக் கொஞ்சம் மறிக்கிற அளவு.”

“அப்ப மலைக்குப் போகவேண்டாமே?”

“போகவேணும். அவ நான் கேட்டதைத் தந்தவதானே.”

மலையடியில் சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தாள். கல்லெல்லாம் ஈரம். பாதி வழியில் நானும் கழற்றினேன்.