தில்லைக்கு நான் பழக்கியது

கிள்ளை,
8.11.2009

அன்பு மகன் சிவசங்கருக்கு அம்மா சௌந்தரம் எழுதுவது. நானும் உன் அப்பாவும் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதை நலம் என்று வைத்துக்கொண்டால் நலம்தான். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி குறைந்ததா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் கை வேறு எதையோ எழுதப் பார்க்கிறது. போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. போன வாரம் உன் தங்கை தில்லையைப் பற்றி ஆரம்பித்ததுமே 'ஆனது ஆச்சும்மா, கல்யாண வேலையப் பாருங்க' என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

தில்லைக்குக் காய்ச்சல் வந்து சிதம்பரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தது உனக்குத் தெரியும். உனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அத்தை கொளஞ்சியம்மாள் அங்கேதான் நர்ஸ் என்று தெரிந்ததும் நீ அப்பாவுக்குப் போன் போட்டு, 'தில்லையப் பத்தி அங்க வாயத் தொறக்காதீங்க, கல்யாணம் முடியட்டும்' என்றாய். உன் அப்பா புயலில் படகு விட்ட மனுஷர், ஆனால் ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனவளர்ச்சி, பேச்சு இதில் ஏதாவது குறை உண்டா என்று அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கூச்சம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இருபத்திரண்டு வயதுப் பெண், அறிவு நாலு வயதுக் குழந்தைக்கு, அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், வார்டைக் கழுவ வேண்டும் என்று கூட இருக்கிறவர்களை எல்லாம் வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிட்டான். தில்லைக்கு வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் கூட இருக்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்தெல்லாம் தோலுக்கடியில் இறங்கியிருக்கிறது. நர்ஸ் பெண் போகிற போக்கில் இரண்டு தடவை 'வலிக்குதாம்மா' என்று கேட்டாளாம். தில்லை சிரித்தாளாம்.

ஏன் சிரித்தாள் என்று டாக்டருக்குத் தெரியாது, உனக்கும் எனக்கும் தெரியும். வெளி ஆள் யார் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார், சிரி, வாயைத் திறக்காதே என்று அவளுக்குப் பழக்கினவள் நான். நீ பத்தாவது படிக்கும்போது உன் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தபோது ஆரம்பித்தது. நன்றாக உட்கார்ந்திருந்தால் ஒரு கல்கண்டு கொடுப்பேன். ஒரு பாடமும் ஏறாத பிள்ளைக்கு அந்த ஒரு பாடம் மட்டும் மறக்கவே இல்லை. பதினொரு மணிக்கு நான் உள்ளே போனபோது கை முழங்கை வரைக்கும் உப்பி, விரல் நீலம் பாய்ந்து கிடந்தது, கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்து அந்த டாக்டரிடம் கேட்டால், 'பேஷண்ட் ஒண்ணுமே சொல்லலையே, நீங்களும் ஒண்ணும் இல்லன்னுதான எழுதிக் குடுத்துருக்கீங்க' என்று தாளை எடுத்து நீட்டுகிறார். நாங்கள் பொய் சொன்னோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கை உப்பிக் கிடப்பதைப் பார்க்கவும் வாயால் சொல்ல வேண்டுமா? முப்பது கட்டிலுக்கு இரண்டே இரண்டு நர்ஸைப் போட்டுவிட்டு, பெற்றவளை வெளியே நிறுத்திக் கேட்டைப் பூட்டுகிறவர்களுக்குத் தாள் ஒரு கேடயம். பேச முடியாதவர்களும் குழந்தைகளும் அந்தக் கட்டிலில் படுக்கிறார்களே, அவர்களுக்காக யார் கத்துவது? எனக்கு வயிறு எரிகிறது சிவா, அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை நினைத்தும் எரிகிறது, எங்களை நினைத்தும் எரிகிறது.

இன்னொன்று கேள். கொளஞ்சியம்மாள் முந்தாநாள் வீட்டுக்கு வந்து தில்லையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். 'எங்களுக்கு மொதல்லயே தெரியும்க்கா, பொண்ணு குடுக்குறவங்க கிள்ளையில நாலு பேர விசாரிக்காமயா வருவோம்? தெரிஞ்சுதான் சம்மதிச்சோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் டூட்டிய மாத்திகிட்டு நானே பக்கத்துல நின்னுருப்பேனே' என்றாள். நாம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம். யாரிடமிருந்து மறைத்தோமோ அவளே காப்பாற்றியிருப்பாள். உன் அப்பா அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

நேற்று கட்டு மாற்றப் போனோம். பஞ்சை உரித்ததும் தில்லை முதல் முறையாக வெளி ஆள் எதிரில் ஓவென்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கம்மா என்று நர்ஸ் சொன்னாள். இந்தப் பதினாலு வருஷமும் நான் சொல்லிவந்தது அதைத்தான். நேற்று சொல்லவில்லை. கத்தட்டும் விடுங்க, வலிக்குதுன்னுதான கத்துறா என்றேன். வீட்டுக்கு வந்தும் அவளைத் திட்டவில்லை.

நீயும் உன்னோடு வாழ வருகிறவளும் பிள்ளை குட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அந்த ஆசையில் எனக்குக் குறைச்சல் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தலையில் துணி கட்டாமல் நிற்காதே. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட பெரியப்பா மகள் சரண்யாவை ஏற்பாடு செய்யும்படி அப்பாவிடம் சொன்னாயாமே. அதெல்லாம் வேண்டாம். உனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான், மணவறையில் உங்கள் பின்னால் அவள்தான் நிற்பாள். மிச்சமிருக்கிற மூன்று விரலால் அவளே முடிச்சுப் போடுவாள். எவ்வளவு நேரமானாலும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திரு, மேளக்காரர் அதுவரை அடித்துக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. சௌந்தரம்